பழக்கழிவோடு நுண்பாசி சேர்த்து உயிரிவாயு: எவ்வளவு பாசி, எந்தப் பாசி, எங்கே கெடுகிறது?

பசுங்குளம்:

பழச்சாறு ஆலையின் சக்கை, தோல், கழித்த பழம் இவற்றை மட்டும் தின்று ஓடும் டைஜெஸ்டர் (காற்றில்லாமல் கழிவைச் செரித்து உயிரிவாயு தரும் மூடிய கலன்) புளித்துப்போவது இந்தத் துறையில் எல்லாருக்கும் தெரிந்த தலைவலி. சர்க்கரை மிகுதி, நைட்ரஜன் குறைவு, அமிலத்தைத் தாங்கும் காரத்தன்மையும் போதாது. டைஜெஸ்டரிலிருந்து வெளியேறும் நீரில் நுண்பாசி வளர்த்து, அதையே அறுவடை செய்து பழக்கழிவோடு திரும்ப உள்ளே விட்டால் குறை தீரும் என்பது யோசனை.

பேசுவதற்கு வசதியாக ஓர் அளவு வைத்துக்கொள்வோம். 100 கனமீட்டர் வேலைக் கொள்ளளவு, 37 டிகிரி, முழுக் கலக்கல் வகை. நாளுக்கு 1.85 டன் பழக்கழிவு. அதில் மொத்தத் திடப்பொருள் (டி.எஸ்.) 12%, அந்தத் திடப்பொருளில் எரிந்து ஆவியாகும் கரிமப் பகுதி (வி.எஸ்.) 90%. ஆக நாளுக்கு 200 கிலோ வி.எஸ்.

கேள்விகள்: பாதிக்குப் பாதி பாசி கலக்கலாமா? குளோரெல்லா நல்லதா, ஸ்பைருலினாவா? பாசியைச் சூடாக்கிப் போட வேண்டும் என்கிறார்களே, அது கட்டுப்படியாகுமா? கெட ஆரம்பிப்பதை முன்கூட்டியே எப்படிப் பிடிப்பது?

கணக்கன்:

பாதிக்குப் பாதி வேண்டாம். கார்பன்-நைட்ரஜன் விகிதத்தைப் போட்டுப் பார்த்தால் காரணம் தெரியும்.

நுண்பாசியின் உலர் எடையில் கார்பன் சுமார் 50%, நைட்ரஜன் 8% என்று வைத்தால் விகிதம் 6-க்குச் சற்று மேல். பழக்கழிவில் கார்பன் 45%, நைட்ரஜன் 1.2%, விகிதம் 37.5. டைஜெஸ்டருக்கு 20 முதல் 30 வரை இருந்தால் நல்லது. உலர் எடையில் 1 பங்கு பாசிக்கு 1 பங்கு பழம் சேர்த்தால் 95-ஐ 9.2-ஆல் வகுக்க வேண்டும். 10 தான் வரும். 1-க்கு 4 சேர்த்தால் 18. 1-க்கு 7 சேர்த்தால் கார்பன் 365, நைட்ரஜன் 16.4; விகிதம் 22. ஆக, மொத்த உலர் எடையில் 12 முதல் 15 சதவீதம் பாசி இருந்தால் போதும்.

பாசியின் பங்கு கூடினால் தவறு என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது. கூட்டாளி யார் என்பதைப் பொறுத்தது அது. 2007-ல் யென், புரூன் இருவரும் பாசிச் சேற்றோடு காகிதக் கழிவைச் சேர்த்துப் பார்த்தார்கள். காகிதத்தில் நைட்ரஜன் இல்லை என்றே சொல்லலாம். அதனால் அங்கே வி.எஸ். கணக்கில் பாதிக்குப் பாதி பொருந்தியது. லிட்டருக்கு நாளுக்கு 4 கிராம் வி.எஸ். சுமை, 35 டிகிரி, 10 நாள் தங்கல் காலம் (தீனி கலனுக்குள் இருக்கும் சராசரி நாட்கள்). பாசி மட்டும் போட்டபோது லிட்டருக்கு நாளுக்கு 573 மி.லி. மீத்தேன், காகிதம் சேர்த்தபோது 1,170 மி.லி. அந்தப் பாதி-பாதியை அப்படியே எடுத்துப் பழக்கழிவுக்குப் போடக் கூடாது. உங்கள் கழிவின் நைட்ரஜனை அளந்துவிட்டுக் கணக்குப் போடுங்கள். பழத்துக்குப் பழம், பருவத்துக்குப் பருவம் மாறும்.

நுண்ணுயிர்:

கணக்கன் சொன்னது சரியான தொடக்கம். ஆனால் அந்த விகிதம் தாளில் உள்ள விகிதம். டைஜெஸ்டருக்குள் கரைந்து வெளிவருவது மட்டுமே நுண்ணுயிர்களுக்குக் கிடைக்கும்.

குளோரெல்லா, செனடெஸ்மஸ் இரண்டுக்கும் செல்சுவர் கெட்டி. சுவர் உடையாத வரை உள்ளே இருக்கும் புரதம் பூட்டிய பெட்டிதான். காற்றில்லாத இருட்டில் வாரக்கணக்கில் உயிரோடே இருக்கும் செல்களும் உண்டு. வெளியேறும் கழிவை நுண்ணோக்கியில் பார்த்தால் பச்சை மாறாமல் தெரியும். கோலூக், ஆஸ்வால்ட் குழுவினர் 1957-லேயே இந்த இரண்டு பாசிகளையும் செரிக்க வைத்துப் பார்த்து, கழிவுநீர்ச் சேற்றை விடப் பாசி குறைவாகச் செரிக்கிறது, 50 டிகிரியில் கொஞ்சம் கூடுகிறது என்று கண்டார்கள். ஆக 8% நைட்ரஜனில் பாதி வெளிவந்தால் நல்ல வேலை என்று கொள்ளுங்கள். மீத்தேனும் அப்படியே. பாசியின் கொழுப்பு, புரதம், மாவுச்சத்தைக் கூட்டிப் போடும் கோட்பாட்டுக் கணக்கு கிலோ வி.எஸ்.-க்கு 500 லிட்டருக்கும் மேல் காட்டும். சுவர் உடைக்காத பச்சைப் பாசிக்குத் திட்டமிடும்போது 220-க்கு மேல் எழுதாதீர்கள்.

ஸ்பைருலினாவுக்குக் கெட்டியான செல்லுலோஸ் சுவர் இல்லை. துணியில் வடிக்கலாம், எளிதில் செரிக்கும். ஆனால் அது உவர்ப்பும் காரமும் மிகுந்த நீரில், பி.எச். 9-க்கு மேல், பைகார்பனேட் கொடுத்து வளர்ப்பது. டைஜெஸ்டர் கழிவுநீரில் தானாக நிலைக்காது. புரதமும் கூடுதல், அதனால் நுரையும் அம்மோனியாவும் கூடும். கழிவுநீர்க் குளத்தில் தானாக வருவது செனடெஸ்மஸ், குளோரெல்லா, பாக்டீரியா எல்லாம் கலந்த கூட்டம். ஒற்றை இனத்தைக் காப்பாற்றப் போராட வேண்டாம். திரண்டு நன்றாகப் படியும் கூட்டத்தைத் தேர்ந்தெடுப்பதில் அந்த உழைப்பைப் போடுங்கள்.

சேறுகலக்கி:

யாரும் இன்னும் பரப்பளவைப் பேசவில்லை. நாளுக்கு 30 கிலோ உலர் பாசி (27 கிலோ வி.எஸ்.) எடுத்துக்கொள்வோம், இது கணக்கன் சொன்ன 12%. திறந்த ஓடுபாதைக் குளத்தில் (துடுப்புச் சக்கரம் நீரைச் சுற்றி ஓடவிடும் ஆழமற்ற குளம்) ஆண்டுச் சராசரியாகச் சதுர மீட்டருக்கு நாளுக்கு 12 கிராம் என்றால் 2,500 சதுர மீட்டர் குளம் வேண்டும். 25 செ.மீ. ஆழத்தில் 625 கனமீட்டர் நீர். லிட்டருக்கு அரை கிராம் பாசி இருக்கும் நிலையில் அறுவடை செய்தால் தினமும் 60 கனமீட்டரை வடிகட்ட வேண்டும். நாளுக்கு 5 மி.மீ. ஆவியானால் 12.5 கனமீட்டர் நீர் காற்றோடு போகும். டைஜெஸ்டரிலிருந்து வருவதோ 3 கனமீட்டருக்கும் குறைவு. மீதியை ஆலையின் கழுவுநீர் ஈடுகட்ட வேண்டும். இதற்கெல்லாம் இடமும் நீரும் இல்லாத ஆலை இந்த வழிக்கு வரக் கூடாது.

வரவு: பழக்கழிவு 200 கிலோ, கிலோவுக்கு 350 லிட்டர் என்றால் 70 கனமீட்டர் மீத்தேன். பாசி 27 கிலோ, 220 லிட்டர், 6 கனமீட்டர். கூட்டினால் 76. வாயுவைத் தருவது பழக்கழிவுதான். பாசியை வாயுவுக்காக வளர்க்கிறோம் என்று யாராவது திட்ட அறிக்கையில் எழுதினால் அந்தப் பக்கத்திலேயே நிறுத்துங்கள்.

இப்போது சூடாக்கல். 3% கெட்டியில் 30 கிலோ பாசி என்றால் 1 கனமீட்டர் சேறு. அதை 25-லிருந்து 80 டிகிரிக்கு ஏற்ற 230 மெகாஜூல். அந்தப் பாசி தரும் 6 கனமீட்டர் மீத்தேனின் மொத்த வெப்பமே சுமார் 212 மெகாஜூல்! 8 சதவீதத்துக்குக் கெட்டியாக்கினால் சூடாக்க 86 போதும்; ஆனால் சூட்டால் வாயு 30% கூடினாலும் கிடைப்பது 64 மெகாஜூல்தான். எரிபொருள் எரித்துப் பாசியைச் சூடாக்குவது எந்த வழியிலும் நட்டம்.

வாயுவில் என்ஜின் ஓட்டினால் கதை வேறு. 76 கனமீட்டர் என்பது 2,700 மெகாஜூல். அதில் 40% வெப்பமாக மீட்டால் 1,080. குளிர்விப்பு நீரின் வெப்பத்தில் பாசியை 75 முதல் 80 டிகிரியில் சில மணி நேரம் மூடிய தொட்டியில் வைக்கலாம். அந்தச் சூடு வீணாகாது, டைஜெஸ்டருக்குத் தேவையான சூட்டின் ஒரு பகுதியாகவே உள்ளே போகும். ஒரே மூச்சில் ஊற்ற வேண்டாம். பழக்கூழோடு கலந்து, 40 டிகிரிக்குக் கீழே இறங்கிய பின் விடுங்கள்.

பசுங்குளம்:

அப்படியானால் பாசியை 20, 25 சதவீதத்துக்கு உயர்த்தினால்? விகிதம் 18 வந்தாலும் புளிப்பதை விட மேல் இல்லையா? கழிவுநீரில் நைட்ரஜன் இருக்கத்தானே செய்கிறது.

கணக்கன்:

அங்கேதான் சிக்கல். சுற்றில் எவ்வளவு நைட்ரஜன் இருக்கிறது என்பதே பாசியின் அளவைத் தீர்மானிக்கும். நாம் விரும்பும் சதவீதம் அல்ல.

வெளியிலிருந்து வரும் நைட்ரஜன் ஒன்றுதான்: பழக்கழிவு. 222 கிலோ உலர் எடையில் 1.2%, அதாவது நாளுக்கு 2.7 கிலோ. இவ்வளவு கழிவைச் செரிக்கும் நுண்ணுயிர்களின் சொந்த வளர்ச்சிக்கு ஏறக்குறைய 1.5 கிலோ போய்விடும். அது திடச் சேற்றோடு வெளியேறும். மிஞ்சுவது 1.2 கிலோ அம்மோனியம். பாசி எடுக்கும் நைட்ரஜனில் ஒவ்வொரு சுற்றிலும் பாதி மட்டும் கரைந்து திரும்புகிறது. பாசியின் நைட்ரஜனை அ என்று வைத்தால், அ = 1.2 + அ-வில் பாதி. விடை 2.4 கிலோ. 8 சதவீதம் என்ற கணக்கில் அது 30 கிலோ உலர் பாசி.

இது தோராயக் கணக்குத்தான். குளத்தில் பகலில் பி.எச். 9-ஐத் தாண்டும்போது அம்மோனியா ஆவியாகப் போவதையும் கழித்தால் இன்னும் குறையும். 25% பாசி வேண்டுமானால் வேறொரு நைட்ரஜன் மூலம், எடுத்துக்காட்டாகக் கழிப்பறை நீரோ கால்நடைக் கழிவுநீரோ குளத்துக்கு வர வேண்டும். அது இல்லாமல் குளத்தை மட்டும் பெரிதாக்கினால் பச்சை வெளிறிய, நைட்ரஜன் பட்டினி கிடக்கும் பாசிதான் கிடைக்கும். அதில் மாவுச்சத்து கூடி நைட்ரஜன் குறைந்திருக்கும். எந்த வேலைக்காக வளர்க்கிறோமோ அதற்கே உதவாது.

வாயுமானி:

கடுமையாக ஒன்று கேட்கிறேன். 2.4 கிலோ நைட்ரஜன் என்பது 5 கிலோவுக்குச் சற்று மேல் யூரியா. 2,500 சதுர மீட்டர் குளம், துடுப்புச் சக்கரம், படிவுத் தொட்டி, பம்பு எல்லாம் 5 கிலோ யூரியாவின் வேலைக்கா? அதைவிட எளிது: வெளியேறும் சேற்றைப் பிரித்து, நீர்ப்பகுதியில் ஒரு பங்கை நேரடியாகத் திரும்ப உள்ளே விடுங்கள். அம்மோனியமும் பைகார்பனேட்டும் காசில்லாமல் வந்துவிடும். பழக்கூழைக் கரைக்க நல்ல நீரும் வேண்டியதில்லை.

சேறுகலக்கி:

இதற்கு மறுப்பே இல்லை. புளிப்பைத் தடுப்பது மட்டும் நோக்கம் என்றால் நீர்ப்பகுதியைத் திருப்பிவிடுவதே முதல் மருந்து. பிறகு சாணமோ யூரியாவோ. பாசி நான்காவது இடம்.

பாசி வருவது வேறு தேவைக்கு. வெளியேறும் நீரில் லிட்டருக்கு 800 மி.கி. அம்மோனியம் நைட்ரஜனும் பாஸ்பரஸும் இருக்கின்றன. அதை ஓடையில் விட முடியாது. பக்கத்தில் பாய்ச்ச நிலம் இருந்தால் நேராக வயலுக்கு விடலாம், அதுவே மலிவு. நிலம் இல்லாதபோதுதான் காற்றூதிச் சுத்திகரிக்க மின்சாரம் செலவாகும். குளத்தில் பாசி அந்த ஆக்சிஜனை வெயிலில் செய்துதருகிறது. ஆகவே குளத்தின் கணக்கைச் சுத்திகரிப்புச் செலவில் எழுதுங்கள். அறுவடையாகும் பாசியை எங்காவது கொடுத்தே ஆக வேண்டும். டைஜெஸ்டர் அருகிலேயே இருக்கிறது.

நுண்ணுயிர்:

வாயுமானியின் கேள்வி நியாயமானது. யூரியாவில் இல்லாத ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பழக்கழிவு, மாவுக்கழிவு போன்றவற்றை மட்டும் மாதக்கணக்கில் போடும் டைஜெஸ்டரில் கோபால்ட், நிக்கல், மாலிப்டினம், செலினியம், இரும்பு தீர்ந்துபோகும். மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர்களின் நொதிகளுக்கு இவை கட்டாயம். அறிகுறி: சுமையைக் கூட்டாமலே புரோப்பியோனிக் அமிலம் மெல்ல ஏறும், பைகார்பனேட் கொடுத்தால் பி.எச். நிமிரும், ஆனால் அமிலம் இறங்காது. சாணத்தில் இந்த உலோகங்கள் உண்டு. பாசியும் நீரில் இருப்பதை உறிஞ்சிச் சேர்த்துவைக்கும். ஆனால் சுற்றில் இல்லாத உலோகத்தை அது உண்டாக்காது. ஆகவே பாசி போட்டும் அமிலம் இறங்காவிட்டால் நுண்தனிமக் கரைசலைத்தான் பார்க்க வேண்டும்.

பசுங்குளம்:

நோக்கம் தெளிவாகிவிட்டது, நன்றி. நீரைச் சுத்தம் செய்வதே முதன்மைத் தேவை என்று வைத்துக்கொண்டு தொடர்கிறேன். 60 கனமீட்டர் நீரிலிருந்து பாசியைப் பிரிக்கப் படிகாரம் போடலாமா?

சேறுகலக்கி:

படிகாரம் வேலை செய்யும், ஆனால் பின்விளைவு டைஜெஸ்டருக்கு வரும். பாசி நீரில் லிட்டருக்கு 150 மி.கி. போட்டால் நாளுக்கு 9 கிலோ. அலுமினியம் பாசியோடு சேர்ந்து உள்ளே போய்ச் சாம்பலைக் கூட்டி, பாஸ்பரஸைப் பிடித்துவைக்கும். சல்பேட் நீரோடு போகும் என்றாலும் அதே நீர் சுற்றிச் சுற்றி வரும்போது ஏறிக்கொண்டே போய், கடைசியில் ஹைட்ரஜன் சல்பைடாக வாயுவில் வரும். கட்டாயம் என்றால் பெரிக் குளோரைடு மேல்; பாசியோடு வரும் இரும்பு டைஜெஸ்டரில் சல்பைடைப் பிடித்துக்கொள்ளும்.

முதலில் மருந்தில்லாமல் முயலுங்கள். கூம்பு அடி கொண்ட தொட்டியில் 3 முதல் 6 மணி நேரம் அசையாமல் விடுங்கள். படிந்ததில் ஒரு சிறு பங்கைத் தினமும் குளத்துக்கே திருப்பிவிடுங்கள். சில வாரங்களில் படியும் இனங்கள் குளத்தைப் பிடித்துக்கொள்ளும், மிதக்கும் இனங்கள் குறையும். படிவில் 1 முதல் 2% திடப்பொருள் வரும். அதை இன்னொரு சிறு தொட்டியில் இரவு முழுக்கக் கெட்டியாக விட்டால் 3% வரும். அதற்கு மேல் வேண்டுமானால் துணிப்பை வடிகட்டி அல்லது மையவிலக்கி. மையவிலக்கி மின்சாரத்தை விழுங்கும்; 60 கனமீட்டரையும் அதில் விடாதீர்கள், படிந்த பின் உள்ள 1 கனமீட்டருக்கு மட்டும் யோசிக்கலாம்.

எடுத்த பாசியை வெளியில் வைக்காதீர்கள். வெப்பத்தில் ஒரே நாளில் அழுக ஆரம்பிக்கும், வாயுவாக வேண்டியது நாற்றமாகப் போகும். அன்றே கலக்கித் தொட்டிக்குப் போக வேண்டும்.

குளத்தில் நீரோட்டம் விநாடிக்கு 20 முதல் 30 செ.மீ. இருக்கட்டும். குறைந்தால் மூலைகளில் படிந்து அழுகும். டைஜெஸ்டர் நீரின் பழுப்பு நிறம் வெளிச்சத்தை மறைக்கும் என்பதால் முதலில் திடப்பொருளை நன்றாகப் பிரித்துவிட்டு, பகலில் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். 2.8 கனமீட்டர் 625-ல் கலப்பதால் அம்மோனியா நஞ்சாகும் பயம் இல்லை. ஒரே இடத்தில் கொட்டினால் மட்டும் அந்த மூலை செத்துப்போகும்.

வாயுமானி:

கெடுவதை முன்கூட்டியே பிடிப்பது பற்றி. பி.எச். மானியை நம்பி உட்காராதீர்கள். பி.எச். இறங்கும்போது காரத்தன்மை ஏற்கனவே தீர்ந்திருக்கும். அமிலத்துக்கும் காரத்தன்மைக்கும் உள்ள விகிதத்தை வாரம் இரு முறை, தொடக்கத்திலும் சுமை கூட்டும் நாட்களிலும் தினமும் பாருங்கள். விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம்: ஒரு பியூரெட், பி.எச். மானி, காந்தக் கலக்கி, 0.1 நார்மல் கந்தக அமிலம்.

டைஜெஸ்டரின் நடுப்பகுதியிலிருந்து மாதிரி எடுத்து வடிகட்டுங்கள். 20 மி.லி. எடுத்துக் கலக்கிக்கொண்டே பி.எச். 5.0 வரும் வரை அமிலம் விடுங்கள்; செலவான மி.லி. முதல் எண். தொடர்ந்து 4.4 வரை விடுங்கள். இந்த இடைவெளியில் மட்டும் செலவானது இரண்டாம் எண். முதல் எண்ணை 250-ஆல் பெருக்கினால் காரத்தன்மை, லிட்டருக்கு மி.கி. கால்சியம் கார்பனேட்டாக. இரண்டாம் எண்ணை 1.66-ஆல் பெருக்கி, 0.15 கழித்து, 500-ஆல் பெருக்கினால் ஆவியாகும் அமிலம், அசெட்டிக் அமிலமாக. முதல் எண் 16, இரண்டாம் எண் 1.4 என்றால் காரத்தன்மை 4,000, அமிலம் 1,087, விகிதம் 0.27. 0.3-க்குக் கீழே இருந்தால் நிம்மதி. 0.4-ஐ நெருங்கினால் பழக்கழிவைப் பாதியாகக் குறையுங்கள். 0.5-ஐத் தாண்டினால் தீனியை நிறுத்திவிட்டுக் கலக்கலையும் சூட்டையும் மட்டும் தொடருங்கள். தனி எண்ணை விடப் போக்கு முக்கியம்: 0.2-லேயே பழகிய டைஜெஸ்டர் மூன்று நாளில் 0.32-க்கு வந்தால் அது ஆபத்துதான்.

கைகொடுக்க வேண்டிய நிலை வந்தால் சோடியம் பைகார்பனேட். காரத்தன்மையை 1,000 மி.கி. உயர்த்தக் கனமீட்டருக்கு 1.68 கிலோ, நீரில் கரைத்து இரண்டு மூன்று நாளில் பிரித்து விட வேண்டும். இதில் லிட்டருக்கு 0.46 கிராம் சோடியமும் சேர்கிறது. அடிக்கடி செய்ய முடியாது. சுண்ணாம்பைக் கொட்டாதீர்கள். அது வாயுவில் உள்ள கார்பன் டை ஆக்சைடை இழுத்துச் சுண்ணாம்புக்கல்லாகப் படியும். வாயுப்பகுதியில் அழுத்தம் சட்டென விழுந்து, இறுகிய கூரை உள்ளே நசுங்கலாம், நீர்ப்பூட்டு வழியாகக் காற்று உள்ளே வரலாம்.

நுண்ணுயிர்:

எதிர்த்திசைக் கோளாறையும் சொல்லிவிட வேண்டும். பழக்கழிவு வராத பருவத்தில் பாசி மட்டும் குளத்திலிருந்து வந்துகொண்டே இருக்கும். அப்போது கார்பன்-நைட்ரஜன் விகிதம் 10-க்குக் கீழே போய் அம்மோனியா ஏறும். நஞ்சாவது பெரும்பாலும் அயனியாகாத அம்மோனியா. 35 டிகிரியில் பி.எச். 7.2 என்றால் மொத்த அம்மோனியாவில் 2 சதவீதத்துக்கும் குறைவு அந்த வடிவில், பி.எச். 8 என்றால் 10%; அதே பி.எச். 8-ல் 55 டிகிரி என்றால் 28%. பாசி நன்றாகச் செரிக்கட்டும் என்று 55 டிகிரிக்குப் போகிறவர்கள் இதைக் கணக்கில் வைக்க வேண்டும். 3% பாசியை மட்டும் போட்டால் மொத்த நைட்ரஜனே லிட்டருக்கு 2.4 கிராம்தான், பிழைத்துக்கொள்ளலாம். 8 சதவீதத்துக்குக் கெட்டியாக்கி, சுவரையும் உடைத்துப் போட்டால் 6.4; அதில் பாதி வெளிவந்தாலே நுண்ணுயிர்கள் திணறும் எல்லை. நேற்று வரை புளிப்புக்குப் பயந்த அதே டைஜெஸ்டர், வாயு குறைந்தும் பி.எச். 7.9-ல் நிற்கும். அதைப் பார்த்து "பி.எச். நன்றாகத்தானே இருக்கிறது" என்று தீனியைக் கூட்டுவது பெரும் தவறு.

இதற்கு வழி பழக்கழிவைச் சேமித்துவைப்பதுதான். பிழிந்த சக்கையைக் காற்றில்லாமல் அழுத்தி ஊறுதீவனம்போல மூடிவைத்தால் பி.எச். 4 அளவில் மாதக்கணக்கில் கெடாது. வடியும் சாற்றைப் பிடித்து டைஜெஸ்டருக்கே விடுங்கள், அதில்தான் சர்க்கரை அதிகம். கலவையை மாற்றும்போது வாரத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் மாற்ற வேண்டாம்.

பசுங்குளம்:

கட்டுவதற்கு முன் ஆய்வகத்தில் புட்டிச் சோதனை செய்தால் கலவையின் பலன் தெரியுமா?

கணக்கன்:

வாயு அளவு தெரியும், கலவையின் பலன் தெரியாது. நிறையப் பேர் தடுமாறும் இடம் இது.

செய்முறை: 500 மி.லி. புட்டி, ஓடிக்கொண்டிருக்கும் டைஜெஸ்டரின் விதைச் சேறு 300 மி.லி. அதில் லிட்டருக்கு 15 கிராம் வி.எஸ். என்றால் 4.5 கிராம். தீனி அதில் பாதி, 2.25 கிராம் வி.எஸ். கலவைப் புட்டிக்குப் பழக்கூழ் 18.3 கிராம், 3% பாசி 10 கிராம். தீனி இல்லாத வெற்றுப் புட்டி, செல்லுலோஸ் புட்டி, பழம் மட்டும், பாசி மட்டும், கலவை; ஒவ்வொன்றிலும் மூன்று, மொத்தம் 15. விதைச் சேற்றை முன்னதாகச் சில நாள் பட்டினி போட்டுவிடுங்கள். நைட்ரஜன் வாயுவால் காற்றை வெளியேற்றி, 37 டிகிரியில் வைத்து, வாயுவைச் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசல் வழியாக விட்டு மீத்தேனை அளக்கலாம். தினசரி வாயு மொத்தத்தில் 1 சதவீதத்துக்குக் கீழே மூன்று நாள் தொடர்ந்து வந்தால் முடித்துக்கொள்ளலாம். செல்லுலோஸ் புட்டி கிராமுக்கு 350 மி.லி.க்குக் கீழே காட்டினால் விதைச் சேறு சரியில்லை. அந்தச் சோதனையையே ஒதுக்கிவிடுங்கள்.

இப்போது விடையைப் பாருங்கள். பழம் 350, பாசி 220 என்றால் 12% கலவைக்குச் சராசரியே 334. இந்த வேறுபாடு சோதனைப் பிழைக்குள் அடங்கிவிடும். மேலும் விதைச் சேற்றிலேயே நைட்ரஜனும் காரத்தன்மையும் வேண்டிய அளவு இருப்பதால் பழம் மட்டும் உள்ள புட்டியும் புளிக்காமல் ஓடும். கலவையின் பலன் என்பது மாதக்கணக்கில் நிலையாக ஓடுவது. அது 5 அல்லது 10 லிட்டர் கலனில் தினமும் தீனி போட்டு, தங்கல் காலத்தின் மூன்று மடங்கு நாட்கள் ஓட்டினால்தான் தெரியும். புட்டிச் சோதனையை வேறொன்றுக்குப் பயன்படுத்துங்கள்: சூடாக்கிய பாசி, சூடாக்காத பாசி இரண்டுக்கும் எவ்வளவு வித்தியாசம்? 15% கூடத் தேறவில்லை என்றால் சூடாக்கும் தொட்டியைத் திட்டத்திலிருந்து எடுத்துவிடலாம்.

வாயுமானி:

பிற கழிவுகளை வைத்திருப்பவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் சில குறிப்புகள். எலுமிச்சை, ஆரஞ்சுத் தோலில் உள்ள லிமோனீன் எண்ணெய் நுண்ணுயிர்களைக் கொல்லும். பாசி சேர்த்தாலும் அது தீராது. தோலிலிருந்து எண்ணெயை முதலில் எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் தோலின் பங்கை மிகக் குறைவாக வைக்க வேண்டும். பாலாடைக்கட்டி ஆலையின் மோர்நீர் பழச்சாற்றை விட வேகமாகப் புளிக்கும். அங்கே நீர்ப்பகுதியைத் திருப்பிவிடாமல் ஓட்டுவது கடினம். எண்ணெய் வித்துக் கழிவும் கொழுப்பு மிகுந்த பாசியும் சேர்ந்தால் நீண்ட சங்கிலிக் கொழுப்பு அமிலங்கள் மேலே மிதந்து நுண்ணுயிர்களைப் பூசி அடைத்துவிடும். பிண்ணாக்கு போன்ற புரதக் கழிவுக்குப் பாசி பொருந்தவே பொருந்தாது, இரண்டிலும் நைட்ரஜன்தான்.

கடற்பாசி தனி உலகம். மணல் அடியில் சேர்ந்து கொள்ளளவைத் தின்னும், பம்பின் ரப்பர் உறையை அறுக்கும். உல்வா போன்ற பச்சைக் கடற்பாசியில் கந்தகம் மிகுதி. நன்னீரில் கழுவியே போடுங்கள். சோடியம் லிட்டருக்கு 3.5 கிராமைத் தாண்டினால் தடை தெரியும், 8 கிராமில் கடுமையாகும்.

ஹைட்ரஜன் சல்பைடு பற்றி ஒரு வார்த்தை: காற்றில் பத்து லட்சத்தில் 100 பங்கு இருந்தாலே மூக்கு மரத்துப்போகும், நாற்றம் போய்விட்டது என்று தோன்றும். பாசிக் கலக்கல் தொட்டியும் மூடிய குழிதான். வாயு அளவி இல்லாமல், வெளியில் ஆள் நிற்காமல் யாரும் உள்ளே இறங்கக் கூடாது.

பசுங்குளம்:

கடைசியாக இரண்டு. உயிரிவாயுவை நேராகக் குளத்தில் குமிழாக விட்டுக் கார்பன் டை ஆக்சைடை நீக்கலாமா? தொடக்கம் எப்படி?

சேறுகலக்கி:

நேராகக் குளத்தில் விடவே வேண்டாம். பகல் குளத்தில் ஆக்சிஜன் மிகைக்கரைசலாக இருக்கும். அது வாயுவுக்குள் ஏறும். காற்றில் மீத்தேன் 5 முதல் 15 சதவீதம் இருந்தால் வெடிக்கும் கலவை, மூடாத குளத்தில் மீத்தேன் வெளியே போவதும் நட்டம். செய்வதானால் தனிக் கழுவு கோபுரம் வைத்து, குளத்து நீரை மேலிருந்து குறைந்த அளவில் இறக்கி, வாயுவைக் கீழிருந்து ஏற்றுங்கள். வெளியேறும் வாயுவில் ஆக்சிஜன் 1 சதவீதத்துக்குக் கீழே இருக்கிறதா என்று இடைவிடாமல் அளக்க வேண்டும். அந்த அளவிக்கு வழி இல்லையென்றால் என்ஜின் புகையைக் குளிர்வித்துக் குளத்தில் விடுவது பாதுகாப்பு. 30 கிலோ பாசிக்கு நாளுக்கு ஏறக்குறைய 55 கிலோ கார்பன் டை ஆக்சைடு வேண்டும். அதை விட மிகுதியாகவே புகையில் இருக்கிறது.

தொடக்கம்: கலனில் பாதிக்கு ஓடிக்கொண்டிருக்கும் டைஜெஸ்டரின் சேறு, மீதி நீர். சூடு 37-ல் நிலைத்த பின் கனமீட்டருக்கு நாளுக்கு 0.5 கிலோ வி.எஸ். வாயுமானி சொன்ன விகிதம் 0.3-க்குக் கீழே ஒரு வாரம் நின்றால் மட்டும் 0.25 கூட்டுங்கள். இலக்கு 2.3 கிலோ, இரண்டு மாதம் பிடிக்கும், அவசரம் வேண்டாம். பழத்தை 10 மி.மீ.க்கு அரைத்து, நாளின் தீனியை ஐந்தாறு வேளையாகப் பிரித்து விடுங்கள். பாசியை ஒவ்வொரு வேளையிலும் கலந்தே விடுங்கள். தனியாக விட்டால் வாயு ஒட்டி மேலே மிதந்து பச்சை ஏடாகக் கட்டும், நுரை வாயுக்குழாய்க்குள் ஏறும். மேற்பரப்பை உடைக்கும் உயரத்தில் ஒரு கலக்கி இறகு இருப்பது அதற்காகத்தான்.

கணக்கன்:

ஒன்று சேர்க்கிறேன். இந்தச் சுற்றில் நைட்ரஜன் வெளியே போக வழி உண்டு, பொட்டாசியத்துக்கும் சோடியத்துக்கும் குளோரைடுக்கும் இல்லை. பழக்கழிவில் பொட்டாசியம் நிறைய. குளத்தில் நீர் ஆவியாக ஆவியாக அது செறிந்துகொண்டே போகும். நீரின் மின்கடத்துதிறனை வாரம் ஒருமுறை குறித்துவையுங்கள். ஏறிக்கொண்டே போனால், பாசி பிரித்த தெளிநீரில் தினமும் ஒரு பங்கை, ஆவியாதல் அளவைப் பொறுத்து 5 முதல் 10 கனமீட்டர், சுற்றிலிருந்து வெளியேற்ற வேண்டும். அதற்கான பாசன நிலமோ அனுமதியோ இருக்கிறதா என்பதைக் குளம் வெட்டுவதற்கு முன்பே உறுதி செய்துகொள்ளுங்கள்.